சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில்

1955 ஜூன் மாதம் ரொறன்ரோவிலிருந்து 22 வயது இளைஞர் ஒருவர் நியூயோர்க்குக்கு வந்து, முப்பதாம் தெருவிலிருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பியானோவின் முன் உட்கார்ந்தார். பெயர் கிளென் கூல்ட். அவர் வாசித்தது, ஜெர்மானிய இசைமேதை பாஹ் 1741இல் வெளியிட்ட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ். தொடக்கத்தில் ஒரு மெட்டு, அதன் அடித்தளத்தில் எழும் 30 மாறுவடிவங்கள், கடைசியில் மறுபடி அதே மெட்டு. எல்லாம் ஏறத்தாழ 38 நிமிடங்களில் முடிந்தன. உலகம் கூல்டை அறிந்துகொண்டது அந்த இசைத்தட்டால்தான். 1981இல், 48 வயதில், அவர் அதே கூடத்துக்குத் திரும்பிப் போய் அதே படைப்பை மறுபடியும் பதிந்தார். இந்த முறை 51 நிமிடங்கள். 1982 செப்ரெம்பரில் அது வெளியானது. அடுத்த மாதம் 4ஆம் தேதி அவர் காலமானார்.

தொடக்க மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 1955இல் ஒரு நிமிடம் 53 செக்கன். 1981இல் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். வாசித்த மனிதரும் ஒருவரே, பார்த்த தாளும் ஒன்றே.

கூல்ட் பிறந்து வளர்ந்த ரொறன்ரோ இன்று ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் நகரம். 1990களின் தொடக்கத்தில் போர் யாழ்ப்பாணத்தின் தீவகத்தைக் காலிசெய்தபோது அங்குள்ள புங்குடுதீவிலிருந்து கிளம்பியவர்களில் பலர் ரொறன்ரோவுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூல்ட் படித்த அதே ரோயல் கொன்சவேற்றரியின் தரப் பரீட்சைகளுக்குப் பியானோ பழகுகிறார்கள். மேளத்தையும் மிருதங்கத்தையும் கேட்டு வளர்ந்த வீடுகளில் அப்போது ஒரு கேள்வி எழும். எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து ஒரே கட்டைகளைத்தானே அழுத்துகிறார்கள், பிறகு இவர் வாசிப்பு உயர்ந்தது, அவர் வாசிப்பு வேறு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இது மிக நல்ல கேள்வி. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் உளவியலாளர்களும் ஒலியியலாளர்களும் கணினி அறிஞர்களும் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள்.

ஒப்பிட்டுக் கேட்பது தீவகத்துக்குப் புதிதல்ல. கண்ணகை அம்மன் கோயில் போன்ற ஊர்க்கோயில்களின் திருவிழா இரவுகளில் இரண்டு மூன்று கூட்டம் மேளம் வந்திறங்கிச் சமா வைத்தால், கேட்கும் சனம் விடிய விடிய நிறுத்துப் பார்க்கும். யாருடைய தோடி நின்று பேசியது, யாருடைய தவில் எந்த இடத்தில் மடக்கியது என்று மறுநாளும் பேச்சு நடக்கும். அளவெட்டி என். கே. பத்மநாதனும் சாவகச்சேரி கே. எம். பஞ்சாபிகேசனும் ஊதிய காலத்தில் வளர்ந்த காதுகள் அவை. நாதஸ்வரத்தில் அந்த ஒப்பீட்டுக்கு முதல் அடையாளம் கமகம். சீவாளியில் உதட்டின் பிடி, மூச்சின் அழுத்தம், துளையைப் பாதி மூடும் விரல் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு சுரத்தை அடுத்த சுரத்துக்கு வழுக்கிக் கொண்டுபோகின்றன. அந்த வழுக்கலின் வடிவமே ஒரு வித்துவானின் கையெழுத்து.

பியானோவில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. 88 கட்டைகள், 88 சுரங்கள். ஒரு சுரத்தின் மீடிறனை வாசிப்பவர் ஓர் இழைகூட அசைக்க முடியாது; அதைத் தந்தியை இறுக்கியவர் முன்னமே தீர்மானித்துவிட்டார். இன்னும் கடுமையான கட்டுப்பாடு பெட்டிக்குள்ளே இருக்கிறது. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியரான பார்த்தொலொமேயோ கிறிஸ்ரொஃபோரி கண்டுபிடித்த பொறிமுறையில், கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் மேலெழும். தந்தியைத் தொடுவதற்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இருக்கும்போதே அது கட்டையின் பிடியிலிருந்து கழன்றுவிடும். அதன் பிறகு அது கையைவிட்டு எறிந்த கல். தந்தியில் அது ஒட்டியிருக்கும் நேரம் மேல் சுரங்களில் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு, அடிச் சுரங்களில் நாலு மில்லிசெக்கனளவு. விரல் எவ்வளவு பாசத்தோடு அழுத்தியது, எவ்வளவு கோபத்தோடு குத்தியது என்பதெல்லாம் ஒரேயொரு எண்ணாகச் சுருங்கிவிடுகிறது: சுத்தியல் கழன்றபோது அதன் வேகம்.

பியானோக்காரர்கள் இதை எளிதில் ஏற்பதில்லை. தொடுகையால் தொனி மாறும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்திருக்கிறார்கள். ஒஸ்திரிய ஆய்வாளர் வேர்னர் கூப்ளும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்தார்கள். ஒரே சுத்தியல் வேகம் வரும்படி, ஒருமுறை விரலைக் கட்டையில் வைத்தபடி அழுத்தியும், மறுமுறை மேலிருந்து அடித்தும் சுரங்களைப் பதிந்து கேட்போருக்குக் கொடுத்தார்கள். சிலரால் வேறுபாட்டைச் சொல்ல முடிந்தது. ஆனால் அவர்களுக்குத் துப்புக் கொடுத்தது, நகமும் விரல்நுனியும் கட்டையில் மோதும்போது எழும் மெல்லிய ‘டொக்’. அந்தச் சத்தத்தை நீக்கினால் வேறுபாடும் மறைந்துவிட்டது. தொடுகையைப் பற்றி ஆசிரியர்கள் சொன்னது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. தொடுகை, அடுத்த சுரத்தின் வேகத்தையும் நேரத்தையும் ஆள்வதற்கு உடம்பு கண்டுபிடித்த வழி. தனியொரு சுரத்துக்குள் அதனால் வேறெதையும் திணிக்க முடியாது என்பதே சோதனை காட்டுவது.

ஆக, ஒரு பியானோக் கலைஞரிடம் எஞ்சியிருப்பவை மிகச் சில. எப்போது அடிப்பது, எவ்வளவு பலமாக அடிப்பது, எப்போது விடுவது, பெடலை எங்கே மிதிப்பது. இசைக்கருவிகளில் இவ்வளவு இறுக்கமாகக் கைகட்டப்பட்ட கருவிகள் குறைவு. அதனால்தான் ஒரே படைப்பைப் பலர் எப்படி வாசிக்கிறார்கள் என்று ஆராய்வோருக்குப் பியானோ விருப்பமான ஆய்வுகூடமாயிற்று. நாதஸ்வரத்தில் பத்து வழிகளில் சிதறி ஓடும் தனித்தன்மை இங்கே ஒரே மடைக்குள் அடைபட்டு, பெரும்பாலும் நேரத்தின் வழியே பீறிடுகிறது.

அந்த நேரத்தை முதன்முதலில் விரிவாக அளந்தவர்களில் ஒருவர் புரூனோ ரெப். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஹாஸ்கின்ஸ் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். அது பேச்சொலி ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். பேச்சை அளந்த கருவிகளை அவர் இசையின் பக்கம் திருப்பினார். எடுத்துக்கொண்டது ஷூமன் 1838இல் எழுதிய ‘ட்ராய்மெராய்’ என்ற, சுமார் மூன்று நிமிடச் சிறு படைப்பு. பியானோ பழகும் பிள்ளைகள் நடுத்தரங்களிலேயே தொட்டுவிடும் பாடம் அது. விளாடிமிர் ஹொரோவிற்ஸ் ஆறு தசாப்தங்களுக்குப் பின் 1986இல் மொஸ்கோவுக்குத் திரும்பியபோது மேலதிகமாக வாசித்து அரங்கை அழவைத்ததும் அதுவே. ரெப் புகழ்பெற்ற 24 கலைஞர்களின் 28 பதிவுகளைத் திரட்டினார். ஹொரோவிற்ஸும் அல்பிரட் கோர்ட்டோவும் மட்டும் மும்மூன்று தடவை. ஒவ்வொரு சுரமும் தொடங்கும் கணத்தை ஒலியலை வரைபடத்தில் கண்ணால் தேடிக் குறித்தார். 1992இல் முடிவுகள் வெளிவந்தன.

அவற்றைப் பார்க்கும் எவருக்கும் இரண்டு விடயங்கள் உடனே தென்படும். யாரும் சீராக வாசிக்கவில்லை, ஒருவர்கூட இல்லை. தாளில் சம அளவாக எழுதப்பட்ட சுரங்கள் சில இடங்களில் இரண்டு மடங்காக நீண்டிருந்தன. ஆனால் அந்த நீட்சி கண்டபடி விழவில்லை. இசைத்தொடர் ஒன்று முடியும் இடங்களில் 28 பதிவுகளும் தாமதித்தன. பெரிய பகுதி முடிந்தால் பெரிய தாமதம், சின்னத் தொடர் முடிந்தால் சின்னத் தாமதம். ஒருவரையொருவர் சந்திக்காத, வெவ்வேறு நாட்டு, வெவ்வேறு தலைமுறைக் கலைஞர்கள் ஒரே இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். வேறுபாடுகள் கீழ்மட்டத்தில் இருந்தன. ஒரு தொடருக்குள்ளே மேலேறும் ஐந்தாறு சுரங்களில் எதில் தயங்குவது, எதில் ஓடுவது என்ற நுணுக்கத்தில் ஆளுக்காள் பிரிந்தார்கள். ஹொரோவிற்ஸின் மூன்று பதிவுகளும் தமக்குள் ஒத்திருந்தன. கோர்ட்டோவின் மூன்றும் அவ்வாறே. ஆண்டுகள் கடந்தும் ஒருவருடைய தயக்கங்கள் அதே இடங்களில் அதே அளவில் திரும்பி வந்தன.

பேச்சிலும் இது நடக்கிறது. வாக்கியத்தின் கடைசி அசையை எல்லா மனிதரும் சற்று நீட்டுகிறார்கள். சுவீடனைச் சேர்ந்த அண்டர்ஸ் ஃபிறீபெர்க்கும் யொஹான் சுண்ட்பெர்க்கும் வேறொரு ஒப்புமையைக் காட்டினார்கள். ஓடிவரும் ஒருவர் நிற்கும்போது அவருடைய வேகம் எப்படிக் குறைகிறதோ, அதே வளைகோட்டில்தான் இசைக்கலைஞர்கள் ஒரு படைப்பின் முடிவில் கதியைக் குறைக்கிறார்கள். நன்றாக முடிந்தது என்று கேட்பவருக்குத் தோன்றும் உணர்வில், ஓடி நின்று பழகிய உடம்பின் அறிவும் கலந்திருக்கலாம்.

காதின் பக்கம் இதைவிட வியப்பானது. ஒரே சீராக விழும் தட்டுகளில் ஒன்றை மட்டும் நகர்த்தினால், நூற்றுக்கு இரண்டரை விகித வேறுபாட்டையே பயின்ற காது பிடித்துவிடும். வேகமான தட்டுகளில் 6 மில்லிசெக்கன் போதும். ஆனால் ரெப் இசைக்குள்ளே இதே சோதனையைச் செய்தபோது காது பாரபட்சம் காட்டியது. முற்றிலும் சீராக ஒலிக்கும் ஓர் இசைப்பகுதியில் ஏதாவதொரு சுரத்தை நீட்டி, எங்கே நீண்டது என்று கேட்டார். தொடரின் நடுவில் நீட்டினால் உடனே சொன்னார்கள். தொடரின் முடிவில், அதாவது கலைஞர்கள் இயல்பாகத் தாமதிக்கும் இடத்தில் அதே அளவு நீட்டினால், பலருக்குக் கேட்கவேயில்லை. அங்கே தாமதத்தை எதிர்பார்த்தே காது காத்திருக்கிறது. வந்தால் அதைச் சீர் என்று எண்ணிக்கொள்கிறது. கேட்பவரும் உள்ளுக்குள்ளே வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். மேளச் சமாவில் தவில்காரர் தாளத்தைத் தாண்டி இழுத்துக் கடைசியில் சமத்தில் வந்து விழும்போது ஊரே தலையாட்டுகிறதே, அந்தத் தலையாட்டலிலும் இந்த எதிர்பார்ப்பே வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

ரெப் பின்னர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பல வாசிப்புகளின் நேரங்களையும் பலங்களையும் கூட்டிச் சராசரி எடுத்து, யாருமே வாசிக்காத ஒரு ட்ராய்மெராயைக் கணினியால் வாசிக்கவைத்தார். அடையாளம் சொல்லாமல் கேட்கவைத்தபோது, தரத்தில் அந்தச் சராசரி முன்வரிசைக்கு வந்தது. தனித்தன்மையில் கடைசி வரிசைக்கு அருகே போய் நின்றது. அழகும் தனித்தன்மையும் ஒன்றாகவே ஏறி இறங்குவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் ஆசிரியர் அறியாமலே குறிவைப்பது அந்தச் சராசரியைத்தான். கோர்ட்டோவையோ ஹொரோவிற்ஸையோ நாம் தேடிப்போய்க் கேட்பது அவர்கள் அதிலிருந்து எங்கே விலகினார்கள் என்பதற்காக.

விலகலை இனங்காண மனிதக் காதுதான் வேண்டும் என்பதில்லை. 2005இல் ஒஸ்திரியாவின் கெர்ஹார்ட் விட்மரும் கிரேக்கரான எஃப்ஸ்ராதியோஸ் ஸ்ரமற்றாரொஸும் 22 பியானோக் கலைஞர்கள் வாசித்த ஷோபனின் ஒரு படைப்பைக் கணினிக்குக் கற்பித்து, அதே கலைஞர்கள் வாசித்த ஷோபனின் இன்னொரு படைப்பை இனங்காணச் சொன்னார்கள். கணினி ஏறத்தாழப் பத்தில் ஏழு தடவை சரியாகச் சொன்னது. குருட்டு ஊகமாக இருந்தால் இருபதில் ஒன்றுகூடத் தேறாது. சுத்தியலின் வேகமும் நேரமும் மட்டுமே மிஞ்சிய இடத்திலும் ஓர் ஆள் தன்னை முழுதாக விட்டுச் செல்கிறார்.

கூப்ளின் இன்னோர் ஆய்வு இரு கைகளுக்கும் விரல்களுக்கும் இடையிலான நுண்ணிய இடைவெளி பற்றியது. தாளில் ஒன்றாக ஒலிக்க எழுதப்பட்ட சுரங்களில் மெட்டுக்குரிய சுரம் மற்றவற்றைவிட 30 மில்லிசெக்கனளவு முந்தி விழும். இது கலைஞர்கள் வேண்டுமென்று செய்யும் நயம் என்று பலர் நம்பியிருந்தார்கள். 22 கலைஞர்களைக் கணினி பொருத்திய பொசெண்டோர்ஃபர் பியானோவில் ஷோபனை வாசிக்கவைத்து கூப்ள் அளந்தார். விரல்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் கட்டையைத் தொட்டிருந்தன. மெட்டைப் பலமாக அடிப்பதால் அந்தச் சுத்தியல் விரைவாகப் பறந்து முந்திக்கொள்கிறது. மெல்லிய சுரத்தின் சுத்தியல் தந்தியை எட்ட, உரத்த சுரத்தினதைவிடப் பலமடங்கு நேரம் எடுக்கும். கலை என்று எண்ணியதில் ஒரு பங்கு பொறிமுறை.

ஆனால் எல்லா இடைவெளியும் பொறிமுறையல்ல. 1911இல் பதியத் தொடங்கிய போலந்துக் கலைஞர் பதெரெவ்ஸ்கியின் தட்டுகளில் இடது கை முதலில் விழும், வலது கை காத்திருந்து பின்னால் வரும். இன்றைய காதுக்கு அது தடுமாற்றம் போலக் கேட்கும். அவருடைய தலைமுறைக்கு அது பாவம், பேச்சின் நெகிழ்வு. பிந்திய தலைமுறை அதைப் பழசு என்று கைவிட்டது. பதிவுகள் இல்லாமல் போயிருந்தால் அப்படியொரு வாசிப்பு இருந்தது என்பதைத் தாளிலிருந்து யாரும் ஊகித்திருக்க முடியாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபூசியின் கதை இன்னும் ஒரு படி மேலே. 1910இல் வெளியான அவருடைய ‘மூழ்கிய தேவாலயம்’ என்ற படைப்பை அவரே வாசித்து, துளைத்தாள் சுருளில் பியானோவைத் தானாக இயக்கும் வெல்ற்றே முறையில் பதிந்துவைத்தார். அதில் சில பகுதிகளை அச்சுத்தாள் காட்டுவதைவிட இரட்டிப்பு வேகத்தில் வாசிக்கிறார். அச்சில் விடுபட்டிருந்த ஒரு குறிப்பை அவருடைய விரல்கள் சொல்கின்றன. தாளையே வேதமாகக் கொண்டவர்கள் அந்தப் பகுதிகளைப் பாதி வேகத்தில் வாசித்து வந்திருக்கிறார்கள்; அவர்களில் பெரிய பெயர்களும் உண்டு.

ஒப்பிடுவோர் வழுக்கி விழும் இடங்களும் உண்டு. முதலாவது மொத்த நேரம். கூல்டின் 38 நிமிடத்தையும் 51 நிமிடத்தையும் அருகருகே வைத்துக் கிழவர் ஆறுதலாக வாசித்தார் என்று முடிவுகட்டிவிடலாம். பாஹ் ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். 1955இல் கூல்ட் எதையும் திருப்பி வாசிக்கவில்லை; 1981இல் சில மாறுவடிவங்களின் முதற்பாதியைத் திருப்பினார். கூடிய நிமிடங்களில் ஒரு பகுதி அதனால் வந்தது. எல்லாவற்றையும் திருப்பி வாசித்த ரொசலின் ட்யூறெக்கின் 1957ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றரை மணி நேர அளவில் ஓடுகிறது. தொடக்க மெட்டில் கூல்ட் இருமுறையும் எதையும் திருப்பாததால் அங்குள்ள வேறுபாடு மட்டும் கலப்பில்லாத கதி வேறுபாடு. இரண்டாவது, இசைத்தட்டின் வேகம். 78 என்று எழுதியிருந்தாலும் பழைய தட்டுகள் பல வேறு வேகங்களில் பதியப்பட்டவை. நூற்றுக்கு ஆறு விகிதம் வேகமாகச் சுழன்றால் இசையும் வேகமாகும், சுருதியும் அரைச் சுரம் ஏறும். சுருதியைச் சரிபார்க்காமல் பழையவர்களின் கதியைப் பேசுவதில் பயனில்லை. அந்தத் தட்டின் ஒரு பக்கம் நாலரை நிமிடத்துக்கு மேல் கொள்ளாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். சில அவசரங்களுக்குக் காரணம் தட்டின் விட்டமாகவும் இருக்கலாம்.

வேகமே திறமை என்று எண்ணுவது மூன்றாவது. சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘த வேர்ல்ட்ஸ் பெஸ்ற்’ போட்டியில் றிம்ஸ்கி-கோர்சகோவின் ‘வண்டின் பறப்பு’ படைப்பை முதலில் நிமிடத்துக்கு 208 தட்டுகள் என்ற வேகத்திலும் பிறகு 325 என்ற வேகத்திலும் வாசித்து, கடைசியில் பத்து இலட்சம் டொலர் பரிசையும் வென்றார். தமிழர் வீடுகள் எல்லாம் பூரித்தன, பூரிக்கவேண்டியதே. அந்த இரண்டு வாசிப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் இன்னொன்றும் புலப்படும். வேகம் ஏற ஏறச் சுரங்களுக்கு இடையே தயங்குவதற்கும் அழுத்துவதற்கும் இடம் சுருங்குகிறது. இருவர் அந்த வேகத்தில் வாசித்தால் அவர்களைப் பிரித்தறிவது கடினமாகும். மெதுவான இசையில்தான் ஆளுக்கு ஒளிய இடமில்லை.

ஒளிந்த ஒருவரை அளவுகோல் பிடித்த கதைதான் இந்தத் துறையின் பெருங்கதை. ஆங்கிலேயப் பியானோக் கலைஞர் ஜோய்ஸ் ஹாற்றோ 2006இல் தமது 77ஆவது வயதில் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முந்திய சில ஆண்டுகளில் அவர் பெயரில், கணவர் நடத்திய சிறு நிறுவனத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட இறுவட்டுகள் வந்தன. ஷோபன், லிஸ்ற், ரஹ்மானினோஃப் என்று மிகக் கடினமான படைப்புகள் எல்லாம் இருந்தன. மேடையேறி ஆண்டுகள் பல கழிந்த, நோயுற்ற ஒரு பெண்மணியின் விரல்களிலிருந்து இத்தனை வகைப்பட்ட வாசிப்பா என்று விமர்சகர்கள் உருகினார்கள். 2007 பெப்ரவரியில் ஒருவர் ஹாற்றோவின் லிஸ்ற் இறுவட்டைக் கணினியில் போட்டார். ஐரியூன்ஸ் திரையில் வேறு பெயரைக் காட்டியது: லாஸ்லோ சிமொன். இறுவட்டின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்தே ஐரியூன்ஸ் நாடிய தரவுத்தளம் தட்டுகளை இனங்காணும். நிமிடமும் செக்கனும் காட்டிக்கொடுத்துவிட்டன. ஒலியலைகளை ஒன்றன்மேலொன்று வைத்துப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது.

அதே வேளையில் இலண்டனில் வேறு இருவர் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்திருந்தார்கள். நிக்கலஸ் குக்கும் கிரெய்க் சாப்பும் ஷோபனின் மசூர்க்கா நடன இசைகளின் பதிவுகளை ஆயிரக்கணக்கில் திரட்டி, ஒவ்வொன்றின் கதியையும் தட்டுக்குத் தட்டு அளந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரு வேறு மனிதரின் வாசிப்புகள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஹாற்றோவின் மசூர்க்காக்களும் யூஜின் இன்ஜிக் என்ற கலைஞரின் மசூர்க்காக்களும் அந்த எல்லையைத் தாண்டி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரே கலைஞர் இருமுறை வாசித்தால்கூட அவ்வளவு ஒப்புமை வராது. கணவர் வில்லியம் பாரிங்ரன்-கூப் பிற்பாடு உண்மையை ஒப்புக்கொண்டார். சில பதிவுகளைக் கணினியில் சற்று நீட்டியும் குறுக்கியும் மறைக்கப் பார்த்திருந்தார். வாத்தியக்குழுவோடு வாசித்த தட்டுகளில் குழுவை நடத்தியவராகப் போட்டிருந்த பெயரில் அப்படியொரு மனிதரே இருந்ததில்லை.

இந்தக் கதையில் மனத்தைத் தைப்பது மோசடியல்ல. ரஹ்மானினோஃபின் மூன்றாம் கொன்சேர்ட்டோவை யெஃபிம் புரொன்ஃப்மன் வாசித்துப் பதிந்தபோது அதில் தவிப்பும் வேகமும் போதாது என்று எழுதிய அதே விமர்சகர், அதே பதிவு ஹாற்றோ பெயரில் வந்தபோது மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று புகழ்ந்தார். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவையும் அவருக்கு அப்படித்தான் கேட்டது. 2017இல் மனுவேல் அங்லாடா-ரோர்ட்டும் டானியல் முல்லென்சீஃபனும் வெளியிட்ட ஆய்வில், ஒரே பதிவை மூன்று தடவை போட்டு, மூன்றும் வெவ்வேறு வாசிப்புகள் என்று சொன்னார்கள். கேட்டவர்களில் நாலில் மூன்று பங்கினர் வேறுபாடுகளைக் கேட்டார்கள், மதிப்பெண்களையும் வேறு வேறாகப் போட்டார்கள். யார் வாசிக்கிறார் என்ற கதை காதுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஊர்ப்பெருமையும் சாதிப்பெருமையும் குருபரம்பரையும் சேர்ந்து நாதஸ்வரத்தை மதிப்பிட்ட சமூகத்துக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

அப்படியானால் என்ன செய்வது? பெயர் தெரியாமல் கேட்பது ஒரு வழி. வீட்டில் யாராவது ஒருவர் ட்ராய்மெராயின் நாலைந்து பதிவுகளை யூரியூப்பில் தெரிந்தெடுத்துத் திரையைத் திருப்பி வைத்துப் போடலாம். முதல் எட்டுத் தட்டு போதும். மேலேறும் மெட்டு உச்சியைத் தொடும் முன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதை மட்டும் கவனித்தால், இரண்டாவது சுற்றிலேயே ஆட்கள் பிரிந்து நிற்கத் தொடங்குவார்கள். அளந்து பார்க்க விரும்புவோருக்கு இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சொனிக் விஷுவலைசர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒலியலையைத் திரையில் விரித்து, ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் குறித்தால் கதி வளைகோடாக எழுந்து நிற்கும். ரெப் நாட்கணக்கில் கண்ணைக் கெடுத்துச் செய்த வேலையை ஒரு பாடசாலை மாணவி ஒரு மாலையில் செய்யலாம்.

அந்த மாணவி அதே மென்பொருளில் தவிலையும் போட்டுப் பார்க்கவேண்டும். தவில் இந்த அளவீட்டுக்குப் பியானோவைவிடவும் தோதானது. தொப்பிப் பக்கம் கழி விழும் அடியும் வலந்தலையில் கூடு போட்ட விரல்களின் அடியும் ஒலியலையில் செங்குத்தாக எழும். தொடக்கக் கணத்தைத் தேடவேண்டியதில்லை. 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஏன் தமிழ்நாட்டு வித்துவான்களையும் கட்டிப்போட்டது என்பதற்கு நினைவுகளும் புகழுரைகளும் ஏராளம். அவருடைய அடிகள் தாளக்கணக்கிலிருந்து எத்தனை மில்லிசெக்கன் முந்தின, எத்தனை பிந்தின, வேகம் இரட்டித்தபோது அந்த விலகல் சுருங்கியதா என்று பதிவுகளிலிருந்து அளந்து எழுதமுடியும். நடைக்கு நடை மற்றவர்களோடு ஒப்பிடவும் முடியும்.

தடையாக இருப்பது கருவியல்ல, மூலப்பொருள். தீவகத்துத் திருவிழாக்களில் பதிந்த கசற்றுகள் இடப்பெயர்வில் சிதறிப்போயின. தப்பியவை ரொறன்ரோவிலும் பரிசிலும் சுவிஸிலும் அலுமாரிகளின் அடியில் கிடக்கின்றன. கசற் இயந்திரத்தின் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடியிருக்காது என்பதால் அவற்றை அப்படியே அளக்கவும் கூடாது. நல்லகாலமாக நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்தோ சுருதிப்பெட்டியோ முதல் நொடியிலிருந்து கடைசிவரை ஒலிக்கும். அந்தச் சுருதி எங்கே ஏறி எங்கே இறங்கியது என்று பார்த்து நாடாவின் வேகத்தைத் திருத்திவிடலாம். பதிந்த கோயில், ஆண்டு, வாசித்தவர்கள் யார் என்ற விபரம் கசற்றின் மட்டையில் எழுதியிருந்தால் அதையும் படமெடுத்துச் சேர்க்கவேண்டும். ஈழத்தமிழர் ஆவணங்களைத் திரட்டும் நூலக நிறுவனத்தின் இணைய ஆவணகம் ஒலிப்பதிவுகளுக்கும் இடம் வைத்திருக்கிறது. நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதை இயந்திரத்தில் போட்டுச் சோதிக்காமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்த பிறகே ஓடவிட வேண்டும்.